வடகரையில் விட்டுவந்த கப்புகள்

வாடைக் காற்றுப் பிறந்ததும் நாங்கள் வீட்டுக் கூரையைக் கழற்றிக் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு தென்கரைக்குப் போய்விடுவோம். கப்புகளை மட்டும் விட்டுவிட்டுப் போவோம். கப்பு என்பது கூரையைத் தாங்கும் கவட்டுக் கம்பம். எங்கள் தீவில் அதற்கேற்ற மரம் இல்லை. பெருநிலத்துக் காட்டில் வெட்டித் தோணியில் கொண்டுவந்த பாலை மரக் கப்புகள் அவை. உப்புக் காற்றுப் பட்டுப் பட்டுக் கறுத்து, தட்டினால் இரும்பு போல ஓசை கொடுக்கும்.

தலைமன்னார் மூலையில் தீவு ஒடுங்கிவிடுகிறது. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடையில் அது அப்படியே மாறிவிடும். ஆகவே கரைவலைக்காரராகிய எங்களுக்கு அரை வருடம் இந்தக் கரை, அரை வருடம் அந்தக் கரை. இடையில் பனைகளும் உடைமுள்ளும் சுடுமணலும். கோயில் கொட்டிலில் இருக்கும் மாதா சொரூபமும் எங்களோடுதான் வரும். அதை வெள்ளைச் சீலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் அம்மா கழுதைகளுக்கு முன்னால் நடப்பார்.

விட்டுவந்த கப்பை ஒருவரும் தொடமாட்டார்கள். கூரை போட்டிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். வெறுங்கப்பாக நின்றால் ஆள் வரப்போகிறார் என்று அர்த்தம். காற்றில் ஒரு கப்புச் சரிந்தாலும் உரியவன் வந்து நிமிர்த்தும்வரை அது சரிந்தபடியே கிடக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அடுப்பில் கை வைக்கக் கூடாது என்பது எப்படித் தெரியுமோ அப்படி எங்களுக்கு இது தெரியும்.

அப்பு என்று நாங்கள் அழைத்த என் தகப்பனார் சம்மாட்டி. அதாவது வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். ஆனால் கரைவலையைச் சொந்தக்காரன் தனியே இழுக்க முடியாது. தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்ட வலையை இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்க ஒரு குடியிருப்பே வேண்டும். கல்லும் கட்டையும் இல்லாத நீளமான மணற்கரையும் வேண்டும். அந்தக் கரைத் துண்டைப் பாடு என்போம். வடகரையில் எங்கள் பாடு, இன்று இறங்குதுறை இருக்கும் இடத்துக்கு மேற்கே இருந்தது.

அங்கே துறைமுகம் வரப்போவதற்கான முதல் அடையாளத்தைக் கண்ட வருடம் நான் மன்னார்ப் பட்டினத்தில் மிசன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்றவன் நான்தான் முதல். விடுமுறைக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் அப்போதுதான் தென்கரையிலிருந்து திரும்பி வந்து கூரை வேயும் ஓலைக் கிடுகுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கப்புகளுக்கு நடுவே சிவப்புத் துணி கட்டிய குட்டை முளைகள் அடிக்கப்பட்டிருந்தன. எங்கள் அடுப்படிக் கப்பில் தாரால் ஒரு குறி. மூன்று கோடுகள் ஒரு நுனியில் கூடுகிற குறி.

அம்மா சாம்பலும் மணலும் போட்டு அதைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"என்ன இது, கோழிக் காலோ?" என்றார்.

"கோழி எங்கை போய்த் தாரை மிதிச்சது, மாமி?" என்றார் என் அக்காவின் புருஷன். "இது பெரிய கோழி. சீமையிலையிருந்து வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குறியை நான் பட்டினத்தில் மறியல் வீட்டுச் சிறைக் கதவிலும் அரசாங்கக் களஞ்சியத்துச் சாக்குகளிலும் பார்த்திருந்தேன். அரசாங்கத்துப் பொருள் என்று காட்டப் போடும் குறி அது என்று அப்புவிடம் சொன்னேன்.

"கப்பு எங்கடை," என்றார் அப்பு. "குறி அவையின்ரை. இருந்திட்டுப் போகட்டும்."

அடுத்த சோளகத்துக்கு வந்தபோது கடலில் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு, பனையளவு நீளமான இரும்புத் தூண்களை இறக்கிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த சோளகத்துக்குள் மன்னார்ப் பக்கமிருந்து தண்டவாளம் பனைகளைச் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது. இந்தியக் கரையிலிருந்து கூலிக்காரர் தோணி தோணியாக வந்து இறங்கினார்கள். வெறும் மணலில் கயிறு பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, இது பெரிய தெரு, இது சின்னத் தெரு என்றார்கள். ஆடுகள் அந்தக் கோடுகளை நக்கிப் பார்த்துவிட்டுப் போயின. பிறகு அந்தக் கோடுகளின்மேல் தகரக் கூரைகள் எழும்பின. ஒரு ஊர் இப்படியும் பிறக்கும் என்று நான் எண்ணியதில்லை. கீரி, வங்காலை போன்ற ஊர்களெல்லாம் எப்போதும் அங்கேயே இருந்தவை என்றுதான் நினைத்திருந்தேன்.

படிப்பு முடிந்ததும் அந்தத் துறைமுக வேலைக் கந்தோரில் எனக்குக் கிளாக்கர் உத்தியோகம் கிடைத்தது. வந்திறங்கும் சாமான்களுக்குப் பொறுப்பு. அங்கே சுவரில் தொங்கிய வரைபடத்தில் சந்தைக்கு இடம் குறிக்கும் முன்பே சவக்காலைக்கு இடம் குறித்திருந்தார்கள். சந்தை கட்டி முடிவதற்குள் சவக்காலையில் நல்ல கூட்டம். கூலிக்காரரைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. கப்பலில் வரும் பிரயாணிகளுக்கு நோய் உண்டா என்று மறித்துப் பார்க்கும் கொட்டில்களைச் சுற்றி முள்வேலி அடித்து, எந்நேரமும் அங்கே எதையாவது எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை காற்றோடு சேர்ந்து எங்கள் கரைக்கும் வரும்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை போட்டிருந்த நானா ஒருவர் இருந்தார். முசலிப் பக்கத்து முஸ்லிம். பகிடி இல்லாமல் அவர் வாய் திறப்பது அரிது.

"தம்பி, ஊர் பிறக்க முந்தியே கபுறுக்குக் காணி அளந்திட்டாங்க," என்பார். "அளந்த காணியைச் சும்மா விடலாமா? அதுதான் ஆள் பிடிக்குது. நீங்க சீனியைக் கூடப் போட்டுக் குடிங்க."

சாமான் இறக்க வசதியாகக் கரையிலிருந்து கடலுக்குள் கருங்கல் கொட்டி ஓர் அணை போட்டிருந்தார்கள். அது வந்த பிறகு அணைக்குக் கிழக்கே மணல் திரண்டு மேடாகத் தொடங்கியது. மேற்கே, எங்கள் பக்கத்தில், மணல் குறைந்தது. முதலில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. தோணியை ஏற்றி வைக்கும் இடத்திலிருந்து தண்ணீருக்கு நடக்கும் தூரம் சுருங்கிவிட்டது என்று ஒருநாள் அக்கா சொன்னாள். அவள் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியில் நடப்பவள். அப்பு போய்க் கரையைக் காலால் அளந்துவிட்டு வந்து சாப்பிட்டார்.

காணி விசாரணை வைத்தது அந்தச் சோளகத்தில்தான். கூடாரம் அடித்து, மேசை கதிரை போட்டு, ஓர் இளந்துரை வந்திருந்தார். மரியாதையானவர், பொய் சொல்லக் கூடாது. பக்கத்தில் நில அளவைத் துரை. மொழிபெயர்க்க ஒரு முதலியார், அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டோடு. நான் கந்தோரில் அரைநாள் கேட்டுக்கொண்டு போய் ஓரமாக நின்றேன். அப்பு தோய்த்துலர்த்திய வேட்டியும் தோளில் சால்வையுமாக முன்னால் போனார். அவருக்குப் பின்னால் வலைக்காரர் எல்லோரும்.

"இந்தக் கரையிலை எவ்வளவு காலமாய் இருக்கிறியள்?" என்று முதலியார் கேட்டார்.

"என்ரை தகப்பன்ரை தகப்பன் காலத்திலையிருந்து, ஐயா."

"விடாமலோ?"

"விடாமல். ஒரு வருசம் பிழைச்சதில்லை. சோளகம் பிறக்க வருவம். வாடை பிறக்கப் போவம்."

முதலியார் நிமிர்ந்து பார்த்தார். "போவியளோ?"

"பின்னை? வாடையிலை இஞ்சை மனிசர் நிப்பினமோ?"

"முதலியாரை ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோ," என்று பின்னாலிருந்து ஒரு குரல். முதலியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப வீடு?"

"கூரை எங்களோடை வரும். கப்பு நிக்கும்."

"கப்புக்கு ஆர் காவல்?"

"கப்புக்கு என்னத்துக்கு ஐயா காவல்? அது எங்கை போகப்போகுது?"

முதலியார் ஒரு சொல்லும் விடாமல், ஒரு சொல்லும் கூட்டாமல் இங்கிலீசில் சொன்னார். நான் மொழிபெயர்த்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆண்டுதோறும் போய்விடுகிறார்களா என்று துரை கேட்டார். ஆம். அப்போது இந்த இடம் வெறுமையாக இருக்குமா? ஆம். நில அளவைத் துரை தலையாட்டினார். அவர் வந்து அளந்தது அந்த மாதங்களில்தான். ஆளில்லாத கரையில் நட்டுவைத்த கம்பங்களைத்தான் அவர் பார்த்தாராம். அவர்கள் பேசியது எனக்கு விளங்கியது. அப்புவுக்கு விளங்கவில்லை. அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பக்கத்தை முழுதாகச் சொல்லி முடித்த நிம்மதியில் நின்றார்.

துரை அவசரப்படவில்லை. தை மாதத்தில் தாமே நேரில் வந்து பார்ப்பதாகவும், கூரையோடும் அடுப்போடும் எந்தெந்த வீட்டில் ஆள் இருக்கிறதோ அந்தந்த வீட்டுக்குக் கரையில் உரிமை எழுதிக் கொடுப்பதாகவும், மற்ற நிலமெல்லாம் துறைமுகத்துக்குச் சேரும் என்றும் சொன்னார். எங்களுக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்திருப்பார்.

வரும் வழியில் அப்புவுக்கு விளக்கினேன். ஒரு முறை சொன்னது போதவில்லை.

"தையிலையோ?"

"ஓம் அப்பு."

"தையிலை இஞ்சை ஆர் இருப்பினம்?"

"அதைத்தான் பாக்க வாறாராம்."

அப்பு நின்று கடலைப் பார்த்தார். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது.

கிழிந்த வலை பொத்துகிற இடத்தில் கூடிப் பேசினார்கள். எல்லோரும் வடகரையிலேயே நின்றுவிடலாம் என்றால் வாடையில் இங்கே தோணி இறக்க முடியாது. பிள்ளைகளுக்குச் சோறு ஏது? எல்லோரும் போய்விட்டால் பாடு போய்விடும். கடைசியில் அப்பு, தாம் நிற்பதாகச் சொன்னார். வலையை மருமகன் தென்கரைக்குக் கொண்டுபோகட்டும்.

"சம்மாட்டியார் இல்லாமல் வலை போகுதோ?" என்றார் தோணியில் தண்டு பிடிக்கிறவர். எங்கள் ஆட்களில் நாக்குக் கூர்மையானவர் அவர்தான். "கிளாக்கரின்ரை தேப்பன் எண்டால் சும்மாவோ. இனிக் கதிரையிலை இருந்துதான் கடல் பாப்பார்."

"கதிரை இருந்தா அனுப்பிவிடு," என்றார் அப்பு. "வாடைக்கு எரிக்க உதவும்."

சிரிப்பு அடங்கியதும் தண்டு பிடிக்கிறவரே மறுபடி கேட்டார், இம்முறை பகிடி இல்லாமல்: "நீங்கள் நிண்டால் உங்கடை வீட்டுக்கு உரிமை வரும். எங்கடை கப்புகளுக்கு?"

அப்பு கையிலிருந்த வலைக்கண்ணை முடிந்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஒருத்தனுக்குக் கரை கிடைச்சு என்ன செய்யிறது? எல்லாற்றை கப்பையும் காட்டித்தான் நான் கதைப்பன்."

காற்றுத் திரும்பியதும் அவர்கள் போனார்கள். மாதா சொரூபமும் போயிற்று. கூட்டம் இருக்கும் இடத்தில்தான் அது இருக்க வேண்டும் என்று அம்மாவே சீலையில் சுற்றி அக்காவிடம் கொடுத்தார். பிறகு வந்து வெறும் மாடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து செபமாலை சொன்னார். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

வாடையில் வடகரை எப்படியிருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம். கூரையைப் பழைய வலையால் போர்த்துக் கல் கட்டித் தொங்கவிட்டோம். அப்படியும் அது இரவு பகலாக எழும்பி எழும்பி அடித்தது. சோற்றில் மணல். பாயில் மணல். பேசினால் பல்லில் மணல். காற்றுப் பலக்கும்போது இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் முனகும். அந்த நேரங்களில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

நான் காலையில் கந்தோருக்குப் போவேன். மாலையில் தண்டவாளத்து மேட்டில் ஏறியதும் முதலில் எங்கள் கூரை இருக்கிறதா என்று பார்ப்பேன். அதன் பிறகுதான் கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். கடல் கிட்ட வந்துகொண்டிருந்தது. கல்லணையில் மோதித் திரும்பும் அலை எங்கள் பக்கத்து மணலைக் கரண்டியால் வழிப்பது போல வழித்தது. முன்வரிசைக் கப்புகளின் அடி தெரியத் தொடங்கியது. ஒருநாள் மாலை தண்டு பிடிக்கிறவரின் கப்பு ஒன்று விழுந்து அலையில் உருண்டுகொண்டிருந்தது. அப்பு அதற்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"எடுத்து மேலை போடுவம், அப்பு," என்றேன்.

"ஆரின்ரை கப்பு?"

"தெரியும்தானே."

"தெரியும். அதாலைதான் தொடயேலாது."

அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கடல் தொடலாம், நாங்கள் தொடப்படாதோ?" என்றார்.

இருட்டுமுன் அப்பு வீட்டுக்குள் போய்க் கயிற்றுத் துண்டு ஒன்று எடுத்துவந்து, அந்தக் கப்பில் ஒரு முனையையும் மேட்டிலிருந்த பனையில் மறு முனையையும் முடிந்தார். கப்பைக் கையால் தொடாமல், தூக்காமல், கயிற்றை மட்டும் சுற்றி முடிந்தார். அவர் முடிச்சு எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். இரட்டைச் சுற்றுப் போட்டு நுனியை உள்ளே செருகிவிடுவார்.

தை பிறந்தது. துரை வந்து மன்னாரில் தங்கியிருப்பதாகவும் மறுநாள் வண்டியில் வருவதாகவும் தேத்தண்ணிக் கடை நானா சொன்னார். "துரைமாருக்கு எல்லாம் எங்க கடையில பால் சொல்லியாச்சு," என்றார். "கொப்பர்ட்ட சொல்லுங்க, அடுப்பை நல்லா எரிய விடச் சொல்லி. அல்லாஹ் காவல்."

ஓடி வந்து சொன்னேன். அப்பு முழுவதையும் கேட்டார். பிறகு கூரையில் ஏறினார். கழன்ற இடத்தைக் கட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கிடுகுகளைக் கழற்றிக் கீழே போட்டார்.

"என்ன செய்யிறியள்?" என்று அம்மா கேட்டார்.

"அந்த ஆளுக்குக் கூரை வேணும். கப்பை அவருக்கு விளங்காது."

எங்கள் கூரைக் கிடுகுகளை எடுத்து, நிற்கிற எல்லாக் கப்புகளின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிடுவது அவருடைய எண்ணம். கப்பை அசைக்காமல் மேலே கிடுகு வைப்பதில் குற்றமில்லை. உரியவன் இருக்கிறான், வரத்தான் போகிறான். எங்கள் வீடு மட்டும் தப்பினால் வலை இழுக்க யார் வருவார்கள்? தனியொருவன் கரைவலை இழுப்பானா? நான் எதிர்த்துப் பேசலாம் என்று வாயெடுத்தேன். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. கிடுகுகளைச் சுமந்தேன்.

அன்று மாலைவரை அதுவே வேலை. காற்று ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்றைக் கட்டினோம். அம்மா முதலில் ஏசினார். பிறகு, "அடுப்பும் கேட்டவரெல்லோ," என்று சொல்லி, சட்டியில் தணல் எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு கூரைக்குக் கீழும் மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டப் பார்த்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. ஈரமணலில் குந்தியிருந்து ஊதி ஊதி, கண்ணெல்லாம் சிவந்து, கடைசியில் சிரித்துவிட்டார். அந்த வாடை முழுவதிலும் அவர் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் மழைத்தூற்றலில் துரை வந்தார். தொப்பியைக் கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு முன்வரிசையிலிருந்து பார்த்துவந்தார். கூரை என்று பேருக்கு நாலு கிடுகு; கீழே தண்ணீர் தேங்கி நின்றது.

"இதிலை ஆர் இருக்கிறது?" என்று முதலியார் கேட்டார்.

"தண்டு பிடிக்கிறவன், ஐயா. தென்கடலிலை நிக்கிறான். சோளகத்துக்கு வருவான்."

"இதிலை?"

"என்ரை மருமோன். அவரும் அங்கைதான்."

அப்புவுக்குப் பொய் சொல்ல வராது. அவர் சொல்லவும் நினைக்கவில்லை. நாலைந்து வீடு கழிந்ததும் துரை கேட்பதை விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அங்கே கூரையை விட ஆகாயம்தான் அதிகம். அம்மா மூலையில் மழைக்குச் சாக்குப் போர்த்துக் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தார். இதுவும் நேற்றுப் போட்டதுதான் என்று துரை முதலியாரிடம் இங்கிலீசில் சொன்னார்.

நான் முன்னால் போய் இங்கிலீசில் பேசினேன். இந்தக் காற்றுக் காலம் முழுவதும் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்றேன். இந்த வீட்டிலிருந்துதான் தினமும் வேலைக் கந்தோருக்கு வருகிறேன் என்றேன். மற்ற வீடுகளின் ஆட்கள் சோறு தேடித் தென்கரைக்குப் போயிருக்கிறார்கள், அந்தக் கம்பங்கள்தான் அவர்களுடைய காணி உறுதிப் பத்திரம் என்றும் சொன்னேன். துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். இங்கிலீசு நன்றாகப் பேசுகிறாய், எங்கே படித்தாய் என்று கேட்டார். முகத்தில் உண்மையான சந்தோஷம். பிறகு முதலியாரிடம், இந்தப் பையனை நம்பலாம், இந்தக் குடும்பத்துக்கு ஒரு துண்டு ஒதுக்குங்கள் என்றார். தண்டவாளத்துக்கு அப்பால், கிளாக்கர்மாருக்கு வீடு கட்டும் தெருவில். கரை முழுவதும் துறைமுகத்துக்கு.

அவர்கள் போனதும் அப்பு கேட்டார்: "என்னவாம்?"

"எங்களுக்கு ஒரு துண்டு தந்திருக்கினம், அப்பு."

"கரையிலையோ?"

"இல்லை. தண்டவாளத்துக்கு அங்காலை. தெருவிலை."

அவர் தண்டவாளப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தெருவிலையோ வலையை வளைக்கிறது?" என்றார்.

சோளகம் பிறந்து எங்கள் ஆட்கள் வலையோடும் கழுதைகளோடும் வந்து சேர்ந்தபோது கரையை மறித்து வேலி போட்டிருந்தார்கள். கடல் விட்டுவைத்த கப்புகளைக் கூலிக்காரர் பிடுங்கி ஒரு பக்கமாகக் குவித்திருந்தார்கள். வேலிக்கு வெளியே, தண்ணீர் விளிம்பில், எங்கள் வீட்டுக் கப்புகள் மட்டும் நின்றன. கடல் அரித்த இடம் என்பதால் யாரும் அவற்றுக்காக மினக்கெடவில்லை.

"கிளாக்கருக்கு எங்கை வீடு குடுத்தவை?" என்று தண்டு பிடிக்கிறவர் கேட்டார். வழியில் நானா கடையில் கேள்விப்பட்டிருப்பார். பகிடிக்கு ஒருமுறை சொன்னதைத் தவிர, என்னை அவர் அதுவரை தம்பி என்றுதான் அழைத்திருக்கிறார்.

அக்கா சொரூபத்தை அணைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்காக அப்பு மற்றவர்களின் கரையை விற்றுவிட்டார் என்று அந்தக் கணத்தில் அத்தனை பேரும் நினைத்தார்கள். என் அத்தானின் முகத்திலும் அது தெரிந்தது. அப்பு தன் பக்கத்தைச் சொல்லவில்லை. விசாரணைக் கூடாரத்தில் அவ்வளவு பேசியவர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அம்மா சொல்லத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

தண்டு பிடிக்கிறவர் குவியலில் தன் கப்பைத் தேடினார். அது அங்கே இல்லை. மேட்டிலிருந்த பனையடியில், அலை கொண்டுவந்து போட்டபடி, மணல் மூடிக் கிடந்தது. கயிறு இன்னும் கட்டியபடி. குனிந்து மணலைத் தட்டினார். அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு குவியலில் கிடந்த மற்றக் கப்புகளைப் புரட்டினார். கவடுகளில் கிடுகு நார் இறுக்கிக் கிடந்தது, எல்லாவற்றிலும் அதே இரட்டைச் சுற்று. எழுந்து வந்து அப்புவின் கையிலிருந்த வலை மூட்டையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"வாங்கோ சம்மாட்டியார்," என்றார். "போவம்."

அவர்கள் தென்கரைக்கே திரும்பிப் போனார்கள், அதுவும் சோளகம் மோதிக்கொண்டிருந்த காலத்தில். இப்போது இரண்டு காற்றுக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். வலை வளைக்க முடியாத மாதங்களில் ஆண்கள் இறங்குதுறைக்கு மூட்டை சுமக்க வருவார்கள். கந்தோர் யன்னலால் என்னைக் கண்டால் தண்டு பிடிக்கிறவர் கையைத் தூக்குவார்.

மற்றவர்கள் தங்கள் கப்புகளைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் கப்புகளைப் பிடுங்க அத்தான் போனபோது, "நிக்கட்டும்," என்றார் அப்பு. அவை இன்னும் நிற்கின்றன. முதலில் தண்ணீர் விளிம்பில் நின்றன. பிறகு முழங்கால் தண்ணீரில். இப்போது அவற்றைத் தாண்டிக் கடல் உள்ளே வந்துவிட்டது. வேலி சென்ற வாடையில் போயிற்று. சவக்காலைச் சுவரின் வடக்கு மூலை இந்த வாடையில் சரிந்தது. கந்தோரில் இன்னும் கல் கொட்ட வேண்டும் என்கிறார்கள். கல் கொட்டக் கொட்ட அதற்கு மேற்கே மணல் போகிறது. சவக்காலைக்கு அடுத்தது எங்கள் கிளாக்கர் தெரு.

ஊரென்னவோ வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வண்டி வருகிறது, கப்பல் போகிறது, விளக்குகள் எரிகின்றன. நானா கடையைப் பெருப்பித்துவிட்டார்.

சோளகம் பிறந்ததும் அப்பு வருவார். நேரே கடலுக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு கப்பையும் கையால் ஆட்டிப் பார்ப்பார். பிறகு என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிப்பார். போன முறை வந்தபோது கதிரையில் இருந்தபடி அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"இது கழலுமோ?" என்று கேட்டார்.

"தகரம், அப்பு. ஆணி அடிச்சிருக்கு."

"ஆணிக்கு எண்ணெய் பூசி வை," என்றார். "துருப்பிடிச்சா அவசரத்துக்குக் கழட்டேலாது."